அத்தியாயம் 7: தாளில் தொடங்கும் டெம்ப்ளேட்

புதிய டிராயிங் ஒன்றைத் திறந்து முதல் கோடு போடுவதற்கு முன்பே, வரைபவர் பல கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். அளவு மில்லிமீட்டரிலா, அடியிலா? சுவர் எந்த லேயரில்? எழுத்தின் உயரம் எவ்வளவு? எந்தத் தாளில், எந்த ஸ்கேலில் பிரிண்ட் எடுப்பது? பதில்கள் ஒவ்வொருவர் மனத்திலும் இருந்தால் ஒரே அலுவலகத்திலிருந்து மூன்று விதமான டிராயிங்குகள் வெளியே போகும். பதில்களை ஒரு கோப்பில் எழுதிவைத்து, ஒவ்வொரு புதிய டிராயிங்கும் அந்தக் கோப்பிலிருந்தே பிறக்கும்படி செய்தால் அதுதான் டெம்ப்ளேட்.

டெம்ப்ளேட் செய்ய உட்காரும் பலர் லேயர் பட்டியலிலிருந்து தொடங்குகிறார்கள். திரையில் முதலில் தெரிவது அதுதான் என்பதால் அப்படித் தோன்றுகிறது. ஆனால் வீட்டு டிராயிங்கைக் கடைசியில் படிப்பவர் திரை முன்னால் இருப்பதில்லை. வெயிலில், சிமென்ட் படிந்த கையில், ஏ3 ஜெராக்ஸ் பிரதியை விரித்துவைத்துப் படிக்கும் மேஸ்திரி அவர். அவருடைய கண்ணுக்கு 115 என்ற எண்ணும் 175 என்ற எண்ணும் குழம்பாமல் தெரிந்தால்தான் நம் வேலை முடிந்தது. ஆகவே இந்த அத்தியாயம் தாளிலிருந்து தொடங்கித் திரைக்கு வருகிறது. தாளின் அளவு எழுத்தின் உயரத்தைத் தீர்மானிக்கும். எழுத்து கோட்டின் தடிமனையும், தடிமன் லேயரையும் தீர்மானிக்கும்.

எடுத்துக்காட்டாக, 30 அடிக்கு 40 அடி மனையில் வீடு வடிவமைக்கும் ஒரு சிறிய தமிழ்நாட்டு அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். மென்பொருள் ஆட்டோகேட்.

டெம்ப்ளேட்டில் எது தங்கும், எது தங்காது

டெம்ப்ளேட் கோப்பின் பின்னொட்டு டி.டபிள்யூ.டி. உள்ளே இருப்பது சாதாரண டிராயிங் கோப்பில் இருப்பதேதான். ஆகவே டிராயிங்கில் சேமிக்கப்படும் எதையும் டெம்ப்ளேட் தாங்கும். லேயர்கள், எழுத்து ஸ்டைல்கள், டைமென்ஷன் ஸ்டைல்கள், லைன்டைப்கள், பிளாக்குகள், லேஅவுட்கள், பேஜ் செட்டப்கள், அலகுகள், லைன்டைப் ஸ்கேல் எல்லாம் இதில் அடங்கும்.

ஆட்டோகேட் அமைப்புகள் அனைத்தும் டிராயிங்கில் சேமிக்கப்படுவதில்லை. ஆப்ஜெக்ட் ஸ்னாப்பில் எவை இயங்க வேண்டும் என்பது அந்தக் கணினியின் ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறது. தானாகச் சேமிக்கும் இடைவெளியும் அப்படியே. இவற்றை டெம்ப்ளேட்டில் மாற்றிவைத்தால் அடுத்த மேசைக் கணினிக்குப் போய்ச் சேராது. அவற்றுக்கு ஆப்ஷன்ஸ் உரையாடல் பெட்டியில் புரொஃபைலை ஏற்றுமதி செய்யும் வழி உண்டு. பிளாட் ஸ்டைல் கோப்பும் எழுத்துருவும் தனிக் கோப்புகள். டெம்ப்ளேட் அவற்றின் பெயரை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். இந்த எல்லைக்கோடு தெளிவாக இருந்தால், பின்னால் ‘என் கணினியில் சரியாக வருகிறது, உங்கள் கணினியில் ஏன் வரவில்லை’ என்ற வாக்குவாதம் பாதி குறையும்.

எதிலிருந்து தொடங்குவது

நன்றாக வந்த பழைய டிராயிங் ஒன்றை எடுத்து, உள்ளிருப்பதை அழித்துவிட்டு டெம்ப்ளேட்டாகச் சேமிக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதைத் தவிர்த்துவிடுங்கள். பழைய டிராயிங்கில் வெளியாரின் கோப்புகளிலிருந்து வந்த லேயர்கள், யாரும் அறியாத லைன்டைப்கள், கண்ணுக்குத் தெரியாத பயன்பாட்டுப் பதிவுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். டெம்ப்ளேட்டில் நுழைந்த குப்பை, அதன்பின் பிறக்கும் ஒவ்வொரு டிராயிங்கிலும் நுழையும்.

ஆட்டோகேட்டுடன் வரும் மெட்ரிக் டெம்ப்ளேட்டான ‘அகேட்ஐஎஸ்ஓ’வைத் திறந்து தொடங்குங்கள். இதன் உடன்பிறப்பான ‘அகேட்’ அங்குல முறைக்கானது. இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாடுகளில் ஒன்று மெஷர்மென்ட் என்ற மாறி. அது 1 என்றால் ஹேட்ச்களும் லைன்டைப்களும் மெட்ரிக் கோப்புகளிலிருந்து வரும். 0 என்றால் அங்குலக் கோப்புகளிலிருந்து வரும். இரண்டுக்கும் இடையே 25.4 மடங்கு வேறுபாடு இருப்பதால், தவறான பக்கத்தில் தொடங்கினால் செங்கல் ஹேட்ச் கறுப்புத் திட்டாகத் தெரியும். பலர் இதை ஹேட்ச் ஸ்கேலை மாற்றிச் சமாளிக்கிறார்கள். வேரைத் திருத்துவது எளிது. கமாண்ட் லைனில் மெஷர்மென்ட் என்று தட்டி, மதிப்பு 1 என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தாள்: ஏ1, ஏ3

ஏ1 தாள் 594 × 841 மில்லிமீட்டர். ஏ3 தாள் 297 × 420 மில்லிமீட்டர். ஏ1 டிராயிங்கை ஏ3 தாளுக்குச் சுருக்கினால் நீளமும் அகலமும் பாதியாகின்றன. அலுவலகத்தில் ஏ1 தாளில் அழகாகத் தெரிந்த 2.5 மில்லிமீட்டர் எழுத்து, கட்டுமான இடத்துக்குப் போகும் ஏ3 பிரதியில் 1.25 மில்லிமீட்டராகிவிடும். ஜெராக்ஸ் இயந்திரத்தை ஒன்றிரண்டு முறை கடந்தபின் அதை யாரும் படிக்க முடியாது.

இதற்குத் தீர்வு ஏ1 தாளைச் சுருக்குவதை நிறுத்துவது. டெம்ப்ளேட்டிலேயே இரண்டு லேஅவுட்கள் வையுங்கள். ஒன்று ஏ1, மற்றொன்று ஏ3. மாடலில் வீட்டை ஒருமுறை வரைவீர்கள். ஏ1 லேஅவுட் பல தளங்களையும் 1:50 ஸ்கேலில் ஒன்றாகக் காட்டும். ஏ3 லேஅவுட் ஒரு தளத்தை மட்டும் எடுத்துக்காட்டும். 30 × 40 அடி என்பது ஏறத்தாழ 9.14 × 12.19 மீட்டர். 1:50 ஸ்கேலில் அது தாளில் 183 × 244 மில்லிமீட்டர். படுக்கைவாட்டில் வைத்த ஏ3 தாளில் அடங்கிவிடும்.

ஓரக் கோட்டுக்கு ஐ.எஸ்.ஓ. 5457 சொல்லும் அளவையே பின்பற்றலாம். கோப்பில் துளையிட்டு வைப்பதற்காக இடப்பக்கம் 20 மில்லிமீட்டர், மற்ற மூன்று பக்கமும் 10 மில்லிமீட்டர். அப்படியானால் ஏ3 சட்டகம் 390 × 277, ஏ1 சட்டகம் 811 × 574.

எழுத்தின் உயரம்

பொறியியல் டிராயிங்கில் எழுத்தின் உயரம் 2.5, 3.5, 5, 7 என்று ஏறுகிறது. கோட்டின் தடிமன் 0.18, 0.25, 0.35, 0.5, 0.7 என்று ஏறுகிறது. இரண்டிலும் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 1.414, அதாவது இரண்டின் வர்க்கமூலம். ஏ வரிசைத் தாள்களின் நீள அகலங்களும் இதே விகிதத்தில்தான் மாறுகின்றன. ஆகவே ஏ1 தாளில் 3.5 மில்லிமீட்டராக இருக்கும் எழுத்து, ஏ2 தாளுக்குச் சுருங்கும்போது 2.5 ஆகிறது. 0.5 கோடு 0.35 ஆகிறது. சுருங்கிய தாளிலும் நியம அளவே கிடைக்கிறது. வசதிக்கு ஏற்றபடி 3 என்றும் 4 என்றும் உயரம் வைத்துக்கொண்டால் இந்த ஒழுங்கை இழந்துவிடுவோம்.

நம் டெம்ப்ளேட்டுக்கு மூன்று உயரங்கள் போதும். பரிமாண எண்களுக்கும் குறிப்புகளுக்கும் 2.5. அறைப் பெயருக்கு 3.5. தலைப்புக்கு 5. தாளில் 2.5 மில்லிமீட்டருக்குக் கீழே எதையும் அனுமதிக்காதீர்கள்.

எழுத்து ஸ்டைலை உருவாக்கும்போது அனோடேட்டிவ் என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அப்போது எழுத்தின் உயரத்தைத் தாளில் வேண்டிய அளவாகவே கொடுக்கலாம். 2.5 என்ற உயரத்தை 1:100 வியூபோர்ட்டுக்கு 250 என்றும் 1:50 வியூபோர்ட்டுக்கு 125 என்றும் ஆட்டோகேட் தானே பெருக்கிக்கொள்ளும். ஒரே அறைப் பெயர் இரண்டு ஸ்கேல்களில் தெரிய வேண்டுமானால் அந்த இரண்டு ஸ்கேல்களும் அந்த எழுத்தில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். ஸ்கேல் பட்டியலையும் டெம்ப்ளேட்டிலேயே சுருக்கிவிடுங்கள். 1:1, 1:5, 1:10, 1:20, 1:50, 1:100, 1:200, 1:500 போதும்.

ஒரு சிறு எச்சரிக்கை. டைமென்ஷன் ஸ்டைல் பயன்படுத்தும் எழுத்து ஸ்டைலில் உயரத்தை 0 என்றே விடுங்கள். அங்கே ஓர் உயரத்தை நிர்ணயித்துவிட்டால் டைமென்ஷன் ஸ்டைலில் நீங்கள் தரும் உயரம் செல்லாது.

தமிழில் குறிப்பு எழுதுவதானால் அதற்கெனத் தனி எழுத்து ஸ்டைல் வையுங்கள். ஆட்டோகேட்டுடன் வரும் ரோமன்ஸ், சிம்ப்ளெக்ஸ் போன்ற கோட்டு எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் இல்லை. கேள்விக்குறிகளே வரும். விண்டோஸில் உள்ள நிர்மலா அல்லது லதா எழுத்துருவைத் தேர்ந்து யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் எழுதினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். கட்டுமான இடத்தில் வேலை செய்பவர் தன் மொழியில் குறிப்பைப் படிக்க முடிவது அவருடைய உரிமை. அதற்கு ஒரு ஸ்டைல் ஒதுக்குவது பெரிய காரியமில்லை.

அலகு: மாடலில் மில்லிமீட்டர், தாளில் அடியும்

நம் ஊரில் ஒரே வீட்டுக்கு மூன்று அளவு முறைகள் வந்து சேர்கின்றன. புல வரைபடத்தில் மீட்டர். ஸ்ட்ரக்சுரல் பொறியாளரிடம் மில்லிமீட்டர். மேஸ்திரியிடமும் வீட்டுக்காரரிடமும் அடி, அங்குலம். இதற்காக அடிக்கு ஒரு டெம்ப்ளேட், மில்லிமீட்டருக்கு ஒரு டெம்ப்ளேட் என்று வைத்தால் விரைவில் இரண்டும் கலந்துவிடும். அங்குல மாடலை மில்லிமீட்டர் தாளில் வைத்து, ஸ்கேல் பட்டியலில் 1:50 என்று தேர்ந்தால், தாளில் 1 மில்லிமீட்டருக்கு மாடலில் 50 அங்குலம் என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். டிராயிங் 25.4 மடங்கு சிறுத்துத் தோன்றும்.

ஆகவே மாடல் எப்போதும் மில்லிமீட்டரில் இருக்கட்டும். யூனிட்ஸ் பெட்டியில் வகை டெசிமல், துல்லியம் 0, இன்செர்ஷன் ஸ்கேல் மில்லிமீட்டர் என்று வையுங்கள். கடைசி அமைப்பை ‘யூனிட்லெஸ்’ என்று விட்டுவிடாதீர்கள். அங்குலத்தில் வரைந்த கதவு பிளாக் ஒன்றை உள்ளே கொண்டுவரும்போது இரண்டு கோப்பிலும் அலகு குறிக்கப்பட்டிருந்தால்தான் மென்பொருள் தானாக அளவை மாற்றும். மனையை அளக்கும்போது டேப்பில் மில்லிமீட்டர் பக்கத்தைப் படித்துக் குறித்துக்கொள்ளும் பழக்கத்தையும் இதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடியும் அங்குலமும் தாளில் தெரிவதற்கு டைமென்ஷன் ஸ்டைல் உதவும்.

டைமென்ஷன் ஸ்டைல்

ஐ.எஸ்.ஓ.-25 என்ற ஸ்டைல் டெம்ப்ளேட்டில் ஏற்கெனவே இருக்கும். அதைப் பிரதி எடுத்து உங்கள் அலுவலகப் பெயரில் புதிய ஸ்டைல் செய்யுங்கள். மாற்ற வேண்டியவை இவை:

1. அனோடேட்டிவ் கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். எழுத்து உயரம் 2.5.
2. அம்புக்குறிக்குப் பதில் கட்டடக் கலையின் சாய்கோட்டைத் தேர்ந்தெடுங்கள்.
3. முதன்மை அலகின் துல்லியம் 0. தசமக் குறியீடாக ஐ.எஸ்.ஓ.-25இல் காற்புள்ளி இருக்கும். அதைப் புள்ளியாக மாற்றுங்கள்.
4. ஆல்டர்நேட் யூனிட்ஸ் பக்கத்தில் இரண்டாம் அளவைக் காட்டச் சொல்லுங்கள். வடிவம் ஆர்க்கிடெக்சுரல். பெருக்கும் எண் 0.03937008. இது 1 மில்லிமீட்டருக்கான அங்குலம். இடம், முதன்மை எண்ணுக்குக் கீழே.
5. அதே பக்கத்தில் துல்லியத்தை அரை அங்குலமாக வையுங்கள்.

ஐந்தாவது விதிக்குக் காரணம் உண்டு. துல்லியத்தை முழு அங்குலமாக வைத்தால் 230 மில்லிமீட்டர் சுவர் 9" என்று சரியாக வரும். ஆனால் 115 மில்லிமீட்டர் சுவர் 5" என்று அச்சாகும். நாலரை அங்குலச் சுவரை ஐந்து அங்குலம் என்று டிராயிங் சொன்னால், அதன்பின் அந்தத் தாளில் உள்ள எந்த எண்ணையும் மேஸ்திரி நம்பமாட்டார். அரை அங்குலத் துல்லியத்தில் 115 சரியாக 4½" என்று வரும். 3000 மில்லிமீட்டர் அறை 9'-10" என்று வரும். பூஜ்ய அடியை மறைக்கும் கட்டத்தையும் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் 9" என்பது 0'-9" என்று வந்து கண்ணை உறுத்தும்.

கோட்டின் தடிமனும் பிளாட் ஸ்டைலும்

தடிமன் இரண்டு வழிகளில் தாளுக்குப் போகலாம். நிறத்தைப் பார்த்துத் தடிமனைத் தீர்மானிக்கும் சி.டி.பி. கோப்பு ஒரு வழி. லேயரிலேயே தடிமனைக் குறிப்பது மற்றொன்று. பழைய அலுவலகங்கள் பலவற்றில் முதல் வழி நிலைத்திருக்கிறது. சிவப்பு மெல்லியது, மஞ்சள் தடித்தது என்பதைப் பழகியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வரைவார்கள். ஆனால் அந்த சி.டி.பி. தனிக் கோப்பு. டிராயிங்கை வெளியே அனுப்பும்போது அதையும் சேர்த்து அனுப்ப மறந்தால் எதிர்முனையில் எல்லாக் கோடுகளும் குழம்பிவிடும்.

நான் பரிந்துரைப்பது இரண்டாவது வழி. தடிமனை லேயரில் குறியுங்கள். பேஜ் செட்டப்பில் ‘மோனோகுரோம்’ என்ற சி.டி.பி.யைத் தேர்ந்தெடுங்கள். அது ஆட்டோகேட்டுடனே வருவதால் எங்கும் இருக்கும். எல்லா நிறங்களையும் கறுப்பாக்கிவிட்டு, தடிமனை லேயரிடமே கேட்டுக்கொள்ளும். டிராயிங்குக்குத் தேவையானது டிராயிங்குக்குள்ளேயே இருக்கும்.

அனுமதிக்குச் சமர்ப்பிக்கும் டிராயிங்கில் மட்டும் நிறம் தேவைப்படும். நேஷனல் பில்டிங் கோடின் இரண்டாம் பகுதி, புதிதாகக் கட்டப்போவதைச் சிவப்பிலும் இடிக்கப்போவதை மஞ்சள் ஹேட்ச்சிலும் காட்டச் சொல்கிறது. உங்கள் உள்ளாட்சி அலுவலகம் கேட்கும் முறையை உறுதிப்படுத்திக்கொண்டு, அதற்கேற்ற லேயர் நிறங்களை லேயர் ஸ்டேட் ஒன்றாக ‘அனுமதி’ என்ற பெயரில் டெம்ப்ளேட்டிலேயே சேமியுங்கள். அன்றாட நிறங்களை ‘வேலை’ என்ற பெயரில் சேமியுங்கள். நிறத்தை அப்படியே அச்சிடும் ‘அகேட்’ சி.டி.பி.யுடன் இரண்டாவது பேஜ் செட்டப் ஒன்றும் வையுங்கள். சமர்ப்பிக்கும் நாளில் இரண்டு சொடுக்குகளில் வேலை முடியும்.

லேயர்கள்

லேயர் பட்டியலை நீளமாக வைப்பது முழுமைக்கு அடையாளம் என்று தோன்றும். நூறு லேயர் இருந்தால் அவசரத்தில் வரைபவர் தேட மாட்டார், கையில் கிடைத்த லேயரில் வரைவார். தாளில் வேறுபட்டுத் தெரிய வேண்டியவற்றுக்கும், தனியே அணைத்துவைக்க வேண்டியவற்றுக்கும் மட்டும் லேயர் கொடுங்கள். துறையின் முதலெழுத்து முன்னால் வரட்டும். ஏ என்றால் ஆர்க்கிடெக்சர், எஸ் என்றால் ஸ்ட்ரக்சர், இ என்றால் எலக்ட்ரிகல், பி என்றால் பிளம்பிங். வீட்டுக்கு இந்தத் தொடக்கம் போதும்:

ஏ-வால்: வெட்டுத்தளத்தில் தெரியும் சுவர். தடிமன் 0.50
எஸ்-காலம்: தூண். தடிமன் 0.50
ஏ-டோர்: கதவு, ஜன்னல். தடிமன் 0.25
ஏ-ஸ்டேர்: படிக்கட்டு. தடிமன் 0.25
ஏ-ஓவர்: தலைக்கு மேல் வரும் சன்ஷேடு, லாஃப்ட், பீம். தடிமன் 0.25, விட்டுவிட்ட கோடு
ஏ-ஃபர்ன்: அறைகலன். தடிமன் 0.18
ஏ-ஹேட்ச்: ஹேட்ச். தடிமன் 0.18
ஏ-டைம்: பரிமாணம். தடிமன் 0.18
ஏ-டெக்ஸ்ட்: எழுத்து. தடிமன் 0.25
எஸ்-கிரிட்: மையக்கோடு. தடிமன் 0.18
இ-லைட்: மின்விளக்கு, சுவிட்ச். தடிமன் 0.25
பி-பைப்: தண்ணீர், கழிவுநீர்க் குழாய். தடிமன் 0.35
ஏ-சைட்: மனை எல்லை, சாலை. தடிமன் 0.70
வியூ: வியூபோர்ட் சட்டம். அச்சிடாதது

0.18-க்குக் கீழே போகவில்லை என்பதைக் கவனியுங்கள். 0.13 கோடு லேசர் பிரிண்டரில் நன்றாகவே தெரியும். ஜெராக்ஸ் எடுத்தால் அங்கங்கே அறுந்துபோகும்.

லேயர் மேனேஜரில் டிஸ்கிரிப்ஷன் என்று ஒரு நெடுவரிசை உண்டு. அதைக் காலியாக விடாதீர்கள். ‘பீம், லாஃப்ட், சன்ஷேடு இங்கே’ என்று தமிழிலேயே எழுதிவைத்தால் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

0 என்ற லேயரைப் பிளாக் செய்ய மட்டும் பயன்படுத்துங்கள். 0 லேயரில் வரைந்து பிளாக்காக்கியது, எந்த லேயரில் செருகப்படுகிறதோ அந்த லேயரின் நிறத்தையும் தடிமனையும் ஏற்றுக்கொள்ளும். டெஃப்பாயின்ட்ஸ் லேயரில் எதையும் வரையாதீர்கள். அது அச்சாகாது. டெம்ப்ளேட்டைச் சேமிக்கும்போது நடப்பு லேயர் எதுவோ, அதில்தான் ஒவ்வொரு புதிய டிராயிங்கும் திறக்கும். அது 0 ஆக இருந்தால் முதல் சுவர் 0 லேயரில்தான் விழும். ஏ-வாலை நடப்பு லேயராக்கிவிட்டுச் சேமியுங்கள். நிறம், லைன்டைப், தடிமன் மூன்றும் ‘பைலேயர்’ என்று இருக்கட்டும்.

விட்டுவிட்ட கோடுகள் எல்லா ஸ்கேலிலும் ஒரே மாதிரி தெரிய எல்டிஸ்கேல், எம்எஸ்எல்டிஸ்கேல், பிஎஸ்எல்டிஸ்கேல் மூன்றையும் 1 என்று வையுங்கள். கடைசியதை ஒவ்வொரு லேஅவுட்டிலும் சரிபாருங்கள்.

லேஅவுட்டும் டைட்டில் பிளாக்கும்

ஒவ்வொரு லேஅவுட்டுக்கும் பேஜ் செட்டப் ஒன்றைப் பெயரிட்டுச் சேமியுங்கள். பிரிண்டர் ‘டி.டபிள்யூ.ஜி. டு பி.டி.எஃப்.’ தாள், பட்டியலில் ‘ஃபுல் பிளீட்’ என்ற அடைமொழியுடன் வரும் ஏ3 அல்லது ஏ1. அதைத் தேர்ந்தால் அச்சு எல்லை தாளின் விளிம்புவரை இருக்கும். நாம் வரைந்த ஓரக் கோடு வெட்டுப்படாது. அச்சு ஸ்கேல் 1:1. வியூபோர்ட்டை ‘வியூ’ லேயரில் வரைந்து, ஸ்கேலைத் தேர்ந்து, டிஸ்பிளே லாக்கைப் போட்டுவிடுங்கள். பூட்டாத வியூபோர்ட்டில் யாராவது மவுஸ் சக்கரத்தை உருட்டினால் ஸ்கேல் போய்விடும். தாளில் 1:50 என்று எழுதியிருக்கும், உண்மையில் வேறொன்றாக இருக்கும்.

டைட்டில் பிளாக் வலது கீழ் மூலையில் இருக்கட்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் எஸ்.பி. 46 கையேட்டைப் பின்பற்றும் பாடநூல்களில் அதன் அளவு 185 × 65 மில்லிமீட்டர். பெரிய தாளை மடித்துக் கோப்பில் வைத்தாலும் இந்த மூலை வெளியே தெரியும்படி மடிக்கலாம்.

அதை வெறும் எழுத்தாக வைக்காமல் ஆட்ரிப்யூட்களுடன் கூடிய பிளாக்காகச் செய்யுங்கள். ஒரு திட்டத்தின் எல்லாத் தாள்களிலும் ஒன்றாகவே இருக்கும் விவரங்களை டிராயிங் பிராப்பர்ட்டீஸ் பெட்டியின் கஸ்டம் பக்கத்தில் வையுங்கள். உரிமையாளர் பெயர், சர்வே எண், மனை எண், கிராமம் ஆகியவை அங்கே போகும். டைட்டில் பிளாக்கில் அவற்றை ஃபீல்டாக இணையுங்கள். சர்வே எண்ணை ஓரிடத்தில் திருத்தினால் எல்லா லேஅவுட்டிலும் திருந்தும். கோப்புப் பெயர், வியூபோர்ட் ஸ்கேல் ஆகியவற்றையும் ஃபீல்டாகவே வைக்கலாம்.

தேதியை மட்டும் ஃபீல்டாக்காதீர்கள். அச்சிடும் தேதியை ஃபீல்டாக வைத்தால், ஆறு மாதம் கழித்துப் பழைய தாளை மறுபடி அச்சிடும்போது அன்றைய தேதி விழும். ரிவிஷன் தேதி என்பது ஒருவர் பார்த்து, சரி என்று ஒப்புக்கொண்ட நாள். அதை மனிதக் கை எழுத வேண்டும். ரிவிஷன் பட்டியலில் எண், தேதி, மாற்றத்தின் விவரம், சரிபார்த்தவர் என நான்கு கட்டங்கள் தேவை.

சேமித்தலும் பகிர்தலும்

சேவ் ஆஸ் பட்டியலில் டிராயிங் டெம்ப்ளேட் வகையைத் தேர்ந்ததும் ஆட்டோகேட் உங்கள் கணினியின் உள்ளே ஒளிந்திருக்கும் டெம்ப்ளேட் கோப்புறைக்குத் தாவும். அங்கே சேமித்தால் அது உங்களுக்கு மட்டும்தான். அலுவலகம் முழுவதும் எட்டும் பொதுக் கோப்புறைக்குப் போய்ச் சேமியுங்கள். அடுத்து வரும் பெட்டியில் விளக்கம் எழுதி, மெட்ரிக் என்று தேர்ந்தெடுங்கள். விளக்கத்தில் பதிப்பு எண்ணும் செய்தவர் பெயரும் இருக்கட்டும்.

பின்னர் ஒவ்வொரு கணினியிலும் ஆப்ஷன்ஸ், ஃபைல்ஸ், டெம்ப்ளேட் செட்டிங்ஸ் என்று போய் இரண்டு இடங்களை நிரப்புங்கள். டெம்ப்ளேட் கோப்புறையின் இடம் ஒன்று. கியூநியூ கட்டளைக்கான டெம்ப்ளேட் கோப்பின் பெயர் மற்றொன்று. இரண்டாவது நிரம்பியபின், புதிய டிராயிங் பொத்தானை அழுத்தியதும் கேள்வி எதுவும் கேட்காமல் உங்கள் டெம்ப்ளேட்டிலிருந்தே டிராயிங் பிறக்கும். அந்தக் கோப்புறையில் எழுதும் உரிமை ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும்.

சோதித்துப் பாருங்கள்

டெம்ப்ளேட்டை அலுவலகத்துக்குக் கொடுப்பதற்கு முன் இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள்.

1. 3000 × 3000 அறை ஒன்றை 115, 230 சுவர்களுடன் வரைந்து பரிமாணம் போடுங்கள். அடி, அங்குலம் சரியாக வருகின்றனவா என்று பாருங்கள்.
2. ஏ3 லேஅவுட்டில் 1:50 ஸ்கேலில் பி.டி.எஃப். எடுத்து, ‘ஃபிட்’ என்பதை நீக்கி உண்மை அளவில் அச்சிடுங்கள். ஸ்கேலை வைத்து அளந்தால் அறையின் பக்கம் 60 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.
3. அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுங்கள். பிரதியை மறுபடி ஜெராக்ஸ் எடுங்கள். கைநீட்டும் தொலைவில் பிடித்து, எண்களையும் அறைகலன் கோடுகளையும் படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.
4. அங்குலத்தில் வரைந்த ஒரு பிளாக்கைச் செருகி, சரியான அளவில் வருகிறதா என்று பாருங்கள்.
5. டெம்ப்ளேட்டைப் பார்த்திராத ஒருவரிடம் வாய்வழி விளக்கம் எதுவும் சொல்லாமல் கொடுங்கள். அவர் எங்கே நின்று கேள்வி கேட்கிறாரோ அங்கே டெம்ப்ளேட் இன்னும் முடியவில்லை.

ஐந்தில் மூன்றாவது சோதனையை யாரும் செய்வதில்லை. மேஸ்திரியின் கைக்கு எது போய்ச் சேருகிறது என்பதைக் காட்டுவது அது ஒன்றுதான்.

பராமரிப்பு

டெம்ப்ளேட்டுக்கும் அதிலிருந்து பிறந்த டிராயிங்குக்கும் பிறகு எந்தத் தொடர்பும் இல்லை. டெம்ப்ளேட்டில் இன்று ஒரு லேயரின் தடிமனை மாற்றினால் நேற்றுத் தொடங்கிய டிராயிங்கில் மாறாது. ஆகவே நடந்துகொண்டிருக்கும் திட்டத்தின் நடுவே டெம்ப்ளேட்டை மாற்றாதீர்கள். குறைகளை ஒரு நோட்டில் குறித்துவைத்து, புதிய திட்டம் தொடங்கும்போது அடுத்த பதிப்பாக வெளியிடுங்கள். பழைய டிராயிங்குக்குப் புதிய ஸ்டைலோ பிளாக்கோ தேவைப்பட்டால் கன்ட்ரோல் 2 அழுத்தி டிசைன் சென்டரைத் திறந்து இழுத்துப் போடலாம். வெளியாரின் லேயர்களை நம் லேயர்களாக மாற்ற லேட்ரான்ஸ் கட்டளை இருக்கிறது.

டெம்ப்ளேட்டைத் திறந்து ‘பர்ஜ் ஆல்’ அழுத்திவிடாதீர்கள். பயன்படாததை நீக்குவதே பர்ஜின் வேலை. டெம்ப்ளேட்டில் வரைந்தது எதுவும் இல்லாததால் நாம் உருவாக்கிய லேயர்கள், ஸ்டைல்கள், பிளாக்குகள் பெரும்பாலும் பயன்படாதவையாகவே அதற்குத் தெரியும். ஒரே அழுத்தலில் உழைப்பு போய்விடும். முடிந்த டிராயிங்கை வெளியே அனுப்பும் முன் பர்ஜ் செய்யுங்கள். அதற்குரிய இடம் அதுதான்.

வேறு மென்பொருளில் வேலை செய்வோருக்கும் இந்த அத்தியாயத்தின் வரிசை பொருந்தும். பிரிக்ஸ்கேட் இதே டி.டபிள்யூ.டி. கோப்பைப் படிக்கும். ஃப்ரீகேட்டின் டெக்டிரா பகுதியில் தாள் டெம்ப்ளேட் எஸ்.வி.ஜி. வடிவில் இருக்கும். மென்பொருள் எதுவானாலும் தாள், எழுத்து, தடிமன், லேயர் என்ற வரிசை மாறாது.

பயிற்சி

உங்கள் அலுவலகத்திலிருந்து கடைசியாகக் கட்டுமான இடத்துக்குப் போன தாள் ஒன்றின் பிரதியை மேஸ்திரியிடமிருந்து கேட்டு வாங்குங்கள். அதில் பேனாவால் அவர் எழுதிக்கொண்ட எண்களையும் அழுத்தி வரைந்துகொண்ட கோடுகளையும் பட்டியலிடுங்கள். அவை ஒவ்வொன்றும் டிராயிங் சொல்லத் தவறியது. ஒவ்வொன்றுக்கும் எதிரே டெம்ப்ளேட்டில் மாற்ற வேண்டிய அமைப்பு எது என்று எழுதுங்கள். அந்தப் பட்டியலே உங்கள் டெம்ப்ளேட்டின் அடுத்த பதிப்பு.